14. திரையிலா, கண்ணிலா?

காலை ஒன்பதரை மணிக்கு மெனு திக்கியது.

பெரியவள் மவுஸை மேலே கொண்டுபோய்ப் பட்டியலைத் திறந்தாள். எப்போதும் வழுக்கிக்கொண்டு இறங்கும் சாம்பல் நிறப் பட்டியல் பாதியில் நின்றது. அப்புறம் கீழே இருந்தது. நடுவில் அது இறங்கியதை அவள் பார்க்கவில்லை.

மறுபடி திறந்தாள். மறுபடியும் அதேதான்.

டைம்லைனை இழுத்துப் பார்த்தாள். வரிசையாக அடுக்கி வைத்திருந்த படத்துண்டுகள் நகரவில்லை, தாவின. ஓரிடத்தில் இருந்தன, பிறகு வேறிடத்தில் இருந்தன.

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொக்கி அங்க இருந்துச்சு. அப்புறம் இங்க இருந்துச்சு. நடுவுல வந்ததை நான் பார்க்கவே இல்லம்மா."

அப்பா சொன்னது. இருபத்தோரு வருஷம் ஆகிறது. கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவரை அன்றைக்குப் பாதி ஷிஃப்டில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரும்புக் கொக்கி கீழே நின்ற ஒரு ஆளின் தலையை ஒரு சாண் இடைவெளியில் தவறவிட்டிருந்தது. மூளையின் பின்பக்கத்தில் ஏதோ தேய்கிறது என்றார் டாக்டர். அசைவது தெரியாது, அசைந்து முடிந்ததுதான் தெரியும் என்றார். அப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் பெற்ற பிள்ளைகளையே தெரியவில்லை.

அப்போது அவளுக்கு இருபது வயது. எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பதினாலு வயதுத் தம்பி ஹாஸ்டலில் இருந்தான். படிக்கிற பையனைப் பயமுறுத்த வேண்டாம் என்று, "அப்பாவுக்குக் கண் சரியில்லை" என்று மட்டும் அவனிடம் சொல்லி வைத்தார்கள். அதற்குமேல் யாரும் அவனிடம் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை. பின்னால் வந்த மறதியை வேறு நோய் என்றே எடுத்துக்கொண்டான்.

இரண்டு வாரத்துக்கு முன் பெரியவள் படியில் கால் தவறி விழுந்ததையும், டாக்டர் அவள் அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்ததையும், போன வாரம் அவள் தன்னந்தனியாக ஸ்கேன் அறைக்குள் போய்வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அவள் வீட்டில் யாரும் அறியார். கணவரிடம் தையற்கடைக்குப் போய்வருவதாகச் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட் நாளைக் காலை பத்து மணிக்கு.

"என்ன, மெஷினை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

கணவர் பின்னால் நின்றிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை, வாயில் பாதி ரொட்டி.

அவள் சட்டென்று திரையை அணைத்தாள்.

"ஒண்ணுமில்ல. யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"யோசிக்கிறதுக்குத் திரையை ஏன் அணைக்கணும்?"

"கண்ணு கூசுச்சு."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். "பத்து நாளா நீ ஒரு தினுசாத்தான் இருக்கே. பதினாலு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் எந்த மாடியில சிக்கியிருக்குன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன். உன் மனசு எந்த மாடியில நிக்குதுன்னு மட்டும் பிடிபட மாட்டேங்குது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "நேரமாச்சு, கிளம்புங்க" என்றாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி நின்றது. ஓடுகிறதா, நிற்கிறதா? விரலை நீட்டினாள். நனைந்தது. ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஓடுவது தெரிகிறதா? இவ்வளவு நாளும் குழாய்த் தண்ணீர் இப்படித்தான் இருந்ததா? நாற்பத்தோரு வயதுவரைக்கும் அவள் ஒருநாள்கூட அதை உற்றுப் பார்த்ததில்லை. அதனால் ஒப்பிடவும் எதுவும் இல்லை.

அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். இறக்கைகள் பின்பக்கமாகச் சுற்றுவதுபோல் இருந்தது.

போன் அடித்தது. எலும்பு முறிவு மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர், அவள் செய்துகொண்டிருந்த படத்தைப் பற்றி. நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளைப் பற்றிய இருபத்திரண்டு நிமிஷப் படம் அது. அவள்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், சாயந்திரம் ஆறு மணிக்குள்ள படம் வந்துடுமில்ல? நாளைக்குத் திறப்பு விழா வச்சிருக்கோம்."

"வந்துடும்."

"முழங்கால் மடக்குற இடம் மட்டும் நல்லாத் தெளிவாத் தெரியணும். எந்த வேகத்துல மடக்கணும்னு பார்த்துதான் பேஷண்ட் செய்வாங்க."

"தெரியும்" என்றாள். எனக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

போனை வைத்த பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று எடுத்த மாதிரிப் படம் ஒன்று போனில் கிடந்தது. தட்டினால் ஓடும். சீராக ஓடினால் கோளாறு கணினியில். அதுவும் திக்கினால்?

பெருவிரல் திரைக்கு மேலேயே நின்றது. தட்டவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூலையில் சிக்னல். தினமும் கடக்கிற சாலைதான். தூரத்தில் ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது. இமைக்காமல் அதையே பார்த்தாள். கண்ணில் நீர் கோத்தது, ஒருமுறை இமைத்தாள். வேன் அவள் எதிரில் இருந்தது.

இமைத்ததால்தானே? இமைத்ததால்தான்.

பச்சை விழுந்தது. கால் எழும்பவில்லை. சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை.

"ஏம்மா, யாருக்காச்சும் காத்திருக்கீங்களா?" என்று பழக்கடைக்காரர் கேட்டார். "மூணு பச்சை போயிடுச்சு."

"இல்ல, எதையோ மறந்துட்டு வந்துட்டேன்" என்று திரும்பி நடந்தாள். மூன்று பச்சை. அவள் இரண்டுதான் எண்ணியிருந்தாள்.

மதியம் பன்னிரண்டுக்கு, வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள். அவளுடைய கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவன் அவன். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, எடிட்டிங் மென்பொருளைப் போட்டு, "இனிமே இது உன்னைக் கைவிடாது" என்று தட்டிக் கொடுத்துவிட்டுப் போனவன். பெரிய அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் தொழில்.

"டேய், சிஸ்டம் கொஞ்சம் சரியில்ல."

"என்ன பண்ணுது?"

"எல்லாம் விட்டு விட்டுத் தெரியுது."

"எப்பலேருந்து?"

டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலேருந்து. நேத்தும் கொஞ்சம் இருந்த மாதிரி."

"எப்பவுமேவா, சில நேரம் மட்டுமா?"

"எப்பவுமே."

"எல்லாத்துலயுமா, இல்ல மெனு, பட்டன், டைம்லைன் இதுல மட்டுமா?"

தண்ணீர், விசிறி, வேன். "தெரியலடா" என்றாள். குரல் உடைந்தது. "நீ வாயேன்."

"என்னக்கா இதுக்குப் போய் அழறே? சாப்பிட்டுட்டு வர்றேன்."

அவன் வந்தபோது மணி மூன்றே கால். சட்டையெல்லாம் வியர்வை. வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரையை ஏற்றினான். பெரியவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள்.

அவன் மெனுவைத் திறந்தான்.

அது பாதியில் நின்றது. கீழே இருந்தது.

அவன் பட்டியலை மூடினான்.

டைம்லைனை இழுத்தான். துண்டுகள் தாவின. ஒரு பெட்டியைத் திறந்து மூடினான். திறந்தது தெரியவில்லை, மூடியதும் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு எல்லாம் படிக்கட்டில் உருளும் தகர டப்பா மாதிரி இருந்தது.

சொல்லேன்டா. ஏதாவது சொல்லித் தொலையேன்.

சின்னவன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தானேக்கா போகுது?"

அறை ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் நாற்காலியை விடவில்லை.

"நல்லா... நல்லாப் பாருடா."

"பார்த்தேனே. வழக்கம் போலத்தான் இருக்கு. உனக்கு எங்க விட்டு விட்டுத் தெரியுது?"

"தண்ணி கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் வந்து சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

ஆக, முடிந்தது. அவனுக்குச் சரியாகத் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கு ரிப்போர்ட் எதற்கு, இதோ வந்துவிட்டது. ஆறு வருஷம். அதில் நாலு வருஷம்தான் ஆளை அடையாளம் தெரியும். கணவருக்கு யார் சொல்வது? அவர் தேங்காய் உடைத்த மாதிரி பட்டென்று பேசுகிற மனிதர். இப்படியொரு செய்தி கேட்டால் பேச்சே நின்றுவிடும் அவருக்கு. புறங்கையைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

"அக்கா! உன் பெட்டியில ஃபேன் ஏன் இப்படிக் கத்துது?"

அவள் குழாயைத் திறந்து செம்பில் தண்ணீர் பிடித்தாள்.

"ஏதோ பலமா வேலை பார்க்குது இது. சும்மா மெனுவைத் திறக்கிறதுக்கு இவ்வளவு மூச்சு வாங்கக் கூடாதே..." அவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதும் விசைப்பலகை தடதடப்பதும் கேட்டன. பிறகு ஒரு சீழ்க்கை. "அடப்பாவி! இங்க வாக்கா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். திரையில் ஒரு கறுப்புச் சன்னல், அதில் வெள்ளை எழுத்துகள்.

"உன் திரையில படம் வரையறது யாருன்னு கேட்டேன். கிராபிக்ஸ் கார்டு பேருல்ல வரணும்? பாரு, வேற பேரு வருது. கார்டு சும்மா உக்காந்திருக்கு. ப்ராசஸரே எல்லாத்தையும் வரைஞ்சுக்கிட்டிருக்கு. சமையல்காரர் லீவு, வாட்ச்மேன் சமைக்கிறார்னு வச்சுக்கோ."

"அப்படின்னா?"

"ஞாயித்துக்கிழமை நான்தானே வீட்டுலேருந்து இதுக்கு அப்டேட் போட்டேன்? கெர்னல், அதாவது சிஸ்டத்தோட அடிப்படை, புதுசா மாறியிருக்கு. கார்டை இயக்குற டிரைவர் இன்னும் பழைய கெர்னலுக்குத்தான் பொருந்துது. புதுசோட ஒட்டலை. திரையில எத்தனை படம் வருதுன்னு பார்ப்போம்." மூலையில் ஒரு எண்ணை வரவழைத்தான். "ஒன்பது! செகண்டுக்கு அறுபது வரவேண்டிய இடத்துல ஒன்பது. பயங்கரமாத் திக்கியிருக்குமே!"

"திக்குதா?" என்றாள். "நிஜமாவே திக்குதா?"

"ஒன்பதுன்னா திக்காம என்ன செய்யும்? நான்தான் சரியாக் கவனிக்கலை போல. தப்பு என் மேல. உன்மேல ஒண்ணுமில்லை."

உன்மேல ஒண்ணுமில்லை. அந்த இரண்டு வார்த்தை அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. உட்கார இடம் தேடி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே வேலையைப் பார்த்தான். கணினியை அணைத்து, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பினான். எண் அறுபதுக்கு ஏறியது. நோய் அதுதான் என்று உறுதியானதும், புதிய கெர்னலுக்கு வேண்டிய கோப்புகளை இறக்கி, டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்டி, இன்னொரு முறை எழுப்பினான். அறுபது. ஃபேன் அடங்கி அறை அமைதியானது.

பெரியவள் மெனுவைத் திறந்தாள். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூடினாள், திறந்தாள், மூடினாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தி, மாதிரிப் படத்தைத் தட்டினாள். முழங்கால் மெல்ல மடங்கி மெல்ல நீண்டது. எல்லாக் கணமும் தெரிந்தது.

ஐந்தரைக்குப் படத்தை அனுப்பிவிட்டாள். ஐந்தே முக்காலுக்குக் கணவர் வந்தார். பையை அவர் இறக்கி வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"நான் அன்னிக்குத் தையற்கடைக்குப் போகலை. ஸ்கேன் எடுத்துக்கிட்டேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சோன்னு பயம். ரிப்போர்ட் நாளைக்கு. ஆனா பயப்பட வேண்டாம்னு நினைக்கிறேன்."

அவர் பையைக் கீழே வைக்கவே இல்லை. "தனியாவா போனே?" என்று மட்டும் கேட்டார்.

"தனியாத்தான்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவன் நாற்காலியில் நெளிந்தான். "அப்பாவுக்குக் கண்ணுதானே சரியில்லாம போச்சு? அதுக்கு எதுக்குக்கா ஸ்கேன்?"

"அப்புறம் சொல்றேன்டா" என்றாள்.

சூழ்நிலையை இலகுவாக்கக் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார். "அப்படி என்னதான் திக்குச்சு இது, என் பொண்டாட்டியை இந்தப் பாடு படுத்தற அளவுக்கு? காட்டு மாப்பிள்ளை, பார்ப்போம்."

"ஒரு வரி சேர்த்துத் திறந்தா காலையில இருந்த மாதிரியே ஓடும் மாமா. பாருங்க."

சின்னவன் மென்பொருளை அந்த மாதிரியே திறந்து, மெனுவை இறக்கினான். ஃபேன் மறுபடி கத்தத் தொடங்கியது.

"அய்யய்யோ!" என்றார் கணவர். "என்னப்பா இது, நொண்டி ஆடுது! பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடுமே இதை!"

"பார்த்தீங்களா?" என்று பெரியவள் சிரித்தாள். "இவன் வந்து உக்காந்து நல்லாத்தானே போகுதுன்னான். எனக்கு உயிரே போயிடுச்சு."

"விளையாடியிருப்பான். இந்தா, இப்ப சரியானதைக் காட்டு."

சின்னவன் மூடிவிட்டு மறுபடி திறந்தான். மெனு பட்டுப்போல இறங்கியது.

"ஆ, இது! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

சின்னவன் திரையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். கேலி செய்கிறார்களோ என்று சந்தேகப்படுகிறவன் முகம் அது.

"எண்ணு மாறியிருக்கு, அது தெரியுது" என்றான். "மத்தபடி எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் மாமா இருக்கு."

கணவர் சிரித்தார். பெரியவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது சிரிப்பு.

அவன் விளையாடவில்லை.

"என்னக்கா அப்படிப் பார்க்கறே? மெனு எல்லா மெஷின்லயும் இப்படித்தானே? இங்க இருக்கும், அப்புறம் அங்க இருக்கும். நான் இப்பல்லாம் எண்ணை வச்சுதான் பார்க்கறது. அதான் நம்பகம்."

"சரி, நேரமாச்சு, உன் பைக்கை எங்க விட்டே? வாசல்ல காணோமே" என்றார் கணவர், எதுவும் கவனிக்காமல்.

"பஸ்ல வந்தேன் மாமா. பைக்கைத் தொட்டே ரெண்டு மாசமாச்சு. ரோட்டுல ஓட்ட முடியல. தூரத்துல இருக்கானேன்னு பார்த்தா, அடுத்த நொடி மூக்குக்கு நேரா வந்து நிக்கிறான். ஜனங்களுக்குக் கொஞ்சம்கூடப் பொறுமை இல்ல."

இந்த முறை கணவரும் சிரிக்கவில்லை. அவர் கண்கள் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பின. அப்பாவின் கொக்கிக் கதையை அவளிடமிருந்து எத்தனையோ முறை கேட்டவர்.

பெரியவள் தம்பியின் தோளில் கை வைத்தாள். வியர்வை காய்ந்து சட்டை விறைத்திருந்தது. முப்பத்தைந்து வயது. அப்பாவுக்கே நாற்பத்து நான்கில்தான் தொடங்கியது.

"நீ இன்னிக்குப் போக வேண்டாம். இங்கயே படு. நாளைக்குப் பத்து மணிக்கு ரிப்போர்ட் வாங்கணும், எங்கூட வா."

"மாமா வருவாரே?"

"நீயும் வா. எனக்குப் பயமா இருக்கு."

"சரி வர்றேன்" என்றான் அவன். "இதுக்குப் போய்ப் பயப்படறியே. நீ நல்லாத்தான் இருப்பே."

அவள் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டாக்டரின் கிளினிக் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்க ஏற்கெனவே நேரம் வாங்கியிருக்கேன். அதோட இன்னொரு ஆளுக்கும் வேணும்."

"யாருக்கும்மா?"

"என் தம்பிக்கு."

"என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கூடத்தில் சின்னவன் ஏதோ சொல்லிக் கலகலவென்று சிரிப்பது கேட்டது. பதிலுக்குக் கணவர் சிரிக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? என்ன தொந்தரவு?"

"அவன் எதுவும் சொல்லலை" என்றாள் பெரியவள். "அவனுக்கு இன்னும் தெரியாது."